எழுதிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்

பச்சை எழுதவில்லை. நீலமும் எழுதவில்லை. சிவப்பு ஒரே ஒரு வெளுத்த கோடாக வந்து பாதியில் நின்றுவிட்டது. பெட்டியில் மிச்சமிருந்த ஸ்கெட்ச் பேனாக்களையும் ஒவ்வொன்றாக மூடி கழற்றி, சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைச் சார்ட் தாளில் இழுத்துப் பார்த்தேன். காய்ந்த முனை தாளில் உரசும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. பெட்டி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. அதன்மேல் யாரோ ஊதா ரிப்பன்கூடக் கட்டியிருந்தார்கள்.

"எத்தனை தேறிச்சு, இன்ஸ்பெக்டர்?" என்றான் ஒட்டகம்.

"மஞ்சள் மட்டும்."

"மஞ்சள வச்சு என்ன பண்றது? வெள்ளைத் தாள்ல மஞ்சள்ல எழுதினா எழுதினவனுக்கே தெரியாது."

ஒட்டகம் என் வகுப்புத் தோழன். நடக்கும்போது கழுத்து முன்னால் போகும், ஆள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வருவான். அந்தப் பெயரை அவனுக்கு யாரும் வைக்கவில்லை. பிறர் வைப்பதற்கு முன்னால் தானே வைத்துக்கொண்டு, சேர்ந்த முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டான். அது எவ்வளவு பெரிய சாமர்த்தியம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியில் கடைசி வருடத்து மாணவர்கள் எல்லோரும் ஒரு சேவைத் திட்டம் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் சான்றிதழ் இல்லை. மற்றவர்கள் மரக்கன்று நட்டார்கள். நட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, கை கழுவிவிட்டு வந்தார்கள். நானும் ஒட்டகமும் பள்ளிப் பொருட்கள் திரட்டுவதாக எழுதிக் கொடுத்தோம். பள்ளியைச் சுற்றியிருந்த அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டிகள் வைத்தோம். சில நாட்களிலேயே பெட்டிகள் நிரம்பி வழிந்தன. ஒட்டகம் குதித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவற்றைப் பழைய வேதியியல் ஆய்வகத்துக்குத் தூக்கி வந்து திறந்தோம்.

புதிய ஆய்வகம் கட்டிய பிறகு அந்த அறை பூட்டியே கிடந்தது. நீளமான கல்மேசைகள், தண்ணீர் வராத குழாய்கள், அமிலக்கறை படிந்த வெள்ளைத் தொட்டிகள். தேறியதை மேசைமேல் வைப்பது, தேறாததைத் தொட்டியில் போடுவது என்று வைத்துக்கொண்டோம். மாலைக்குள் தொட்டிகள் நிரம்பிவிட்டன. மேசை அப்படியே கிடந்தது. பாதி எழுதிக் கிழித்த நோட்டுகள், ஜிப் வாய் பிளந்த பைகள், மூடி இல்லாத தண்ணீர் பாட்டில்கள், விரலில் பிடிக்க முடியாத அளவுக்குச் சீவித் தேய்ந்த பென்சில்கள், போன வருடத்து டைரி, முள் உடைந்த காம்பஸ். ஒரு பெட்டியின் அடியில் ஒற்றை ஷூ கிடந்தது. நல்ல தோல், மெருகு போகவில்லை.

"இன்னொண்ணு அடுத்த வருஷம் குடுப்பாங்களோ என்னவோ" என்றான் ஒட்டகம், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவையெல்லாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னப் பள்ளிக்குப் போக வேண்டியவை. எட்டாம் வகுப்புவரை நான் அங்கேதான் படித்தேன். மதிப்பெண் பார்த்து, கட்டணச் சலுகை கொடுத்து, இந்தப் பள்ளி என்னை எடுத்துக்கொண்டது. இங்கே எல்லோருக்கும் அது தெரியும். யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு முகபாவம் உண்டு. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

அந்தச் சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஒரு நாள் வேன் வந்தது. மைதானத்தில் மேடை போட்டார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக ஏறி, கை நீட்டி வாங்கி, கேமராவைப் பார்த்து நின்று, இறங்கினோம். எனக்குக் கிடைத்தது கத்தரிப்பூ நிறத்தில் மூன்று அறை வைத்த பை. அவ்வளவு அழகான பொருள் அதுவரை என் கைக்கு வந்ததில்லை. வகுப்புக்குப் போய்த் திறந்தபோதுதான் மூடியின் உள்பக்கத்தில், தடித்த கறுப்பு மையில், வேறொரு பெண்ணின் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவளும் பார்த்தாள். அன்று மதியத்துக்குள் அது என் பெயராகிவிட்டது. அங்கிருந்து வெளியே வரும்வரை அது போகவில்லை. ஒரு முறை வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியையே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டுச் சிரித்தார். நானும் "உள்ளேன்" என்று சொன்னேன்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் போகாமலிருந்தேன். திரும்பிப் போனபோது ஆய்வக வாசலிலேயே ஒட்டகம் காத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

"உள்ள வந்து பாரு. எல்லா வேலையும் முடிச்சிட்டேன்."

சேவைத் திட்டத்துக்குப் பொறுப்பான மேடம் வட்டமான ஸ்டிக்கர்கள் அச்சடித்துக் கொடுத்திருந்தார். நடுவில் பள்ளியின் சின்னம், கீழே வளைவாக 'அன்புடன் வழங்குவது' என்ற எழுத்து. பெட்டிகளின்மேல் ஒட்டத்தான் கொடுத்தது. ஒட்டகம் பெட்டியோடு நிறுத்தவில்லை. மேசைமேல் தேறியிருந்த கொஞ்சப் பொருளிலும் ஒன்றுவிடாமல் ஒட்டியிருந்தான். நோட்டு அட்டையில், பையின் முன்பக்கத்தில், அழிரப்பரில், பாட்டிலில். பென்சில்களைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தான். அளவுகோல்களில் ஒன்று முதல் நான்கு வரை எண்ணே தெரியவில்லை. அந்த இடத்தில் எங்கள் பள்ளி இருந்தது.

 குழாயைத் திறந்து மூடினேன். தண்ணீர் வராது என்று தெரியும்.

"என்னாச்சு? கோணலா ஒட்டிட்டேனா?"

கத்தரிப்பூ நிறப் பையைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவனிடம் சொன்னேன்.   சொல்லி முடித்ததும் அவன் ஓர் அளவுகோலை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஸ்டிக்கர் பாதி கிழிந்து, பாதி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

மறுநாள் அவன் பையிலிருந்து ஒரு ஹேர் டிரையர் வெளியே வந்தது.

"அக்காவோடது. இன்னிக்கு ஈரத் தலையோடதான் ஆபீஸ் போயிருக்கா. சாயங்காலம் வீட்டுக்குப் போனா நான் உயிரோட திரும்புவேனான்னு தெரியாது. அதுக்குள்ள முடிச்சிடணும்."

அவன் சூடு காட்டுவான், நான் உரிப்பேன். பசை இளகும் அந்த ஒரு நொடியில் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுதாக வரும். தவறவிட்டால் கிழியும். அப்படியே பைகளின் உள்பக்கத்தையும் பார்த்தேன். பெயர் இருந்தவை தொட்டிக்குப் போயின. எவ்வளவு நல்ல பையானாலும் சரி. உரித்த ஸ்டிக்கர்களை ஒட்டகம் ஒவ்வொன்றாகத் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டே வந்தான். முடிக்கும்போது பள்ளிக்கூடமே அவன்மேல் இருந்தது.

அதன்பிறகு தொட்டியில் கிடந்தவற்றை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. குப்பையில் போடலாம் என்றான் அவன். நான் வேண்டாம் என்றேன். குப்பையில் போடுவதற்கு அவர்களுக்கே தெரியும். நம் கையால் போடவைத்து, அதற்குக் கொடை என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? எந்தெந்தப் பொருள் யார் வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்ததோ அவற்றையெல்லாம் திருப்பிக் கொடுப்போம் என்றேன்.

"வீட்டுக்கே போயா?"

"வீட்டுக்கே போய்."

"சேவைன்னு சொல்லி என்னைச் சாகடிக்கப் பாக்கற" என்றான். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது அவன்தான்.

ரிப்பன் கட்டிய பெட்டியின் அடியில் வீட்டு எண் எழுதிய சீட்டு இருந்தது. கதவைத் திறந்த அம்மாள் எங்கள் சீருடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"என்னம்மா, நாங்க ஏற்கெனவே குடுத்தாச்சே."

"தெரியும் ஆன்ட்டி. திருப்பிக் குடுக்க வந்திருக்கோம்."

"எதை?"

பெட்டியை நீட்டினேன். ரிப்பனை முன்பு இருந்த மாதிரியே திரும்பக் கட்டியிருந்தேன். "இதுல மஞ்சளத் தவிர ஒண்ணும் எழுதல ஆன்ட்டி."

"கொஞ்சம் தண்ணி தொட்டா எழுதும். இல்லாத பிள்ளைங்களுக்கு இதுவே பெருசு தானே."

அவருக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையில், ஒரு பையன் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். அவன் முன்னால் இருந்த, புதுப் பேனாக்கள் நிறைந்த டப்பாவை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அந்த அம்மாளும் பார்த்தார். கதவைக் கொஞ்சம் சாத்தினார்.

"ஒரு தடவை எழுதிப் பாத்துட்டுக் குடுங்க, அவ்வளவுதான்" என்றேன்.

"நீ எந்த வீட்டுப் பொண்ணு?"

"நான் எந்த வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சா பேனா எழுதுமா ஆன்ட்டி?"

கதவு மூடிக்கொண்டது. பெட்டி என் கையிலேயே இருந்தது. அதை அவர் வீட்டு மிதியடியின்மேல் வைத்துவிட்டு வந்தேன். படி இறங்கும்போது ஒட்டகம், "அடுத்த வீட்ல நான் பேசறேன். நீ வாயத் திறந்தா நம்ம ரெண்டு பேர் நினைவா மரக்கன்று நட்டுடுவாங்க" என்றான்.

எல்லாக் கதவும் அப்படி மூடவில்லை. ஒருவர் வாய் கிழிந்த பையை வாங்கிப் பார்த்து, காது சிவந்து, "மன்னிச்சிடும்மா, பாக்காம போட்டுட்டாங்க" என்றார். மறுநாள் அவர் அனுப்பியதில் விலைச்சீட்டு கிழிக்காத நோட்டுகள் இருந்தன. இன்னொரு வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் அனுப்பவும் இல்லை. ஒற்றை ஷூவின் சொந்தக்காரர் மட்டும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாராம்.

பெட்டிகளின்மேல் புதிதாக ஒரு தாள் எழுதி ஒட்டினேன். 'எழுதிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.' அதன்பிறகு பெட்டிகள் நிரம்பவில்லை. ஆனால் வந்தவற்றில் பெரும்பாலானவை தொட்டிக்குப் போகவில்லை. சார்ட் தாளில் கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. எழுதும் பேனா ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. சில சமயம் வேலையை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். 

பிரின்சிபால் என்னை மட்டும் கூப்பிட்டனுப்பினார்.

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். குடியிருப்புச் சங்கத்திலிருந்து புகார் வந்திருக்கிறது என்றார். கொடுக்க வந்தவர்களை அவமானப்படுத்தினால் நாளைக்கு யார் கொடுப்பார்கள் என்றார். நான் மேசைமேலிருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவருடைய கை தலைகீழாகத் தெரிந்தது.

"வேற யாராவது பண்ணியிருந்தா எனக்கு வருத்தம் இருந்திருக்காது. நீயே இப்படிப் பண்ணலாமா?"

இதுதான் அந்தச் சொல். இத்தனை வருடமாக யாரும் சொல்லாமல் முகத்திலேயே வைத்திருந்த சொல். நீயே. கடைசியில் அது வெளியே வந்துவிட்டதில் எனக்கு ஒருவிதமான நிம்மதிகூட இருந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை நம்ம அரங்கத்துல விழா. அந்தப் பிள்ளைங்களைப் பஸ்ல கூட்டிட்டு வர்றோம். சங்கத் தலைவர்தான் குடுக்கப் போறார். அதுக்கு முன்னாடி நீ ரெண்டு நிமிஷம் பேசணும். ஒரு காலத்துல வாங்கின பொண்ணு, இன்னிக்குக் குடுக்கற இடத்துல நிக்கறேன்னு. மனசத் தொடற மாதிரி. கடைசில, தெரியாம மனசு நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்கன்னு ஒரு வரி. முடிஞ்சிடும்."

"மேடையில பிள்ளைங்க பேரக் கூப்பிடுவீங்களா சார்?"

"கூப்பிடாம எப்படிம்மா குடுக்கறது?"

"நான் பேசல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சலுகைக் குழு அடுத்த வாரம் கூடுது. உன் கடைசிப் பருவத்துக்கு இன்னும் கையெழுத்து ஆகல. நான் மிரட்டல, தப்பா எடுத்துக்காத. அவசரப்படாதேன்னுதான் சொல்றேன். வீட்ல அம்மாகிட்ட கேட்டுட்டு வா."

அம்மாவுக்கு ஒரு பெரிய சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. மாலையில் அவள் வீட்டுக்குள் நுழையும்போது சூடான துணியின் வாசனையும் நுழையும். யார் யாருடைய சட்டைகளோ நாள் முழுக்க அவள் கையில் நிமிரும். எங்கள் துணிகளை மட்டும் அவள் இஸ்திரி போடுவதில்லை. "வீட்லயுமா?" என்பாள்.

நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம்தானே? பேசிட்டு இறங்கிடேன்."

"முடியாதும்மா."

"நாக்கு தேஞ்சா போயிடும்? நான் ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன் தெரியுமா? மடிப்பு சரியில்லன்னு, லேட்டுன்னு, பட்டன் போச்சுன்னு. பட்டன நானா தின்னேன்?"

"நீ மேடையில ஏறிக் கேக்கலயே. பிள்ளைங்களக் கீழ வரிசையா நிக்கவச்சுக்கிட்டுக் கேக்கலயே."

"படிப்பு போயிடும்டி."

 தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். அடுப்பில் பால் பொங்கி அணைந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அம்மாவின் வலது முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் வரிவரியாக இருந்தன. அவற்றைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று தோன்றியதால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, சொன்னேன்.

"அந்தக் கத்தரிப்பூப் பை ஞாபகம் இருக்காம்மா? உள்ள ஒரு பேர் இருந்துச்சே. நீ சோப்புப் போட்டுத் தேச்சுப் பாத்த. போகலன்னு கத்தரிச்சு எடுத்துட்டு ஒட்டுத் துணி வச்சுத் தச்ச. ஒட்டைப் பாத்ததும் எல்லாருக்கும் இன்னும் நல்லா ஞாபகம் வந்துடுச்சு. எட்டாவதுவரைக்கும் என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க."

"தெரியும்."

நான் திரும்பினேன். அம்மா கண்ணைத் திறந்திருந்தாள்.

"தெரியும்டி. உன் கூட்டாளி ஒருத்தி ஒரு நாள் வாசல்ல வந்து நின்னுகிட்டு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. நீ உள்ள குளிச்சுகிட்டு இருந்த. அப்படி யாரும் இந்த வீட்ல இல்லன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன்."

அவள் எழுந்து போய்ப் பொங்கிய பாலைத் துடைத்தாள். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தாள். பிறகு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிடுவாங்களா, பாக்கறதுக்கு?" என்று கேட்டாள்.

"கூப்பிடுவாங்க."

"நான் வரல."

பேசு என்றும் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை.  சாப்பிட்டோம். படுத்தோம். காலையில் எழுந்தபோது என் சீருடை சுவரில் தொங்கியது. கழுத்துப்பட்டை கத்தி மாதிரி நின்றது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

சின்னப் பள்ளியின் தலைமையாசிரியை நான் படித்தபோது இருந்த அதே அம்மாதான். போனில் முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. பிறகு, "ஓ, கணக்குல சண்டை போடுவியே, அவளா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். விழாவுக்கு முந்தைய நாளே பொருட்களை நேராக அங்கே கொண்டுவந்துவிடுகிறோம், மேடை வேண்டாம், பெயர் கூப்பிட வேண்டாம் என்றேன். இதனால் அவருக்கும் பேச்சு வரும் என்பதையும் சொன்னேன்.

"பேச்சுதானே, வந்துட்டுப் போகட்டும். பஸ்ல ஏத்தி, எறக்கி, திரும்ப எண்ணி ஏத்தறதுக்கு என்கிட்ட ஆளில்ல. போன தடவை வெயில்ல நின்னு ஒரு பிள்ளை மயங்கியே விழுந்துடுச்சு. போட்டோல அது மட்டும் வரல. நீ கொண்டுவந்து எறக்கு."

ஒளிந்து செய்ய எனக்கு விருப்பமில்லை. வியாழக்கிழமை மதியம் ஆசிரியர் அறைக்குப் போய், சேவைத் திட்ட மேடமிடம் நேராகச் சொன்னேன். அவர் தற்காலிக வேலையில் இருப்பவர். ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறையில் அவர் முகம் வாடிப்போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

"இன்னிக்கே கொண்டுபோறோம் மேடம். நாளைக்கு மேடைக்கு ஒண்ணும் இருக்காது. கேட்டாங்கன்னா நான்தான் எடுத்துட்டுப் போனேன்னு சொல்லுங்க."

மேடம் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சிவப்புப் பேனா ஒரே இடத்தில் நின்றுவிட்டது. மை ஊறிப் புள்ளியாகியது.

"நான் எதையும் கேக்கல" என்றார். பக்கத்தைப் புரட்டினார். நான் வாசலுக்குப் போனபோது, இன்னும் தாளைப் பார்த்தபடியே, "லேப் சாவிய எங்க மாட்டணும்னு தெரியும்ல?" என்றார்.

ஒட்டகத்தின் மாமா வீடுவீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். காலி கேன்களை இறக்கிவிட்டு வண்டியைக் கொடுத்தார். "எங்கயாவது திருடிட்டு வர்றீங்களாடா?" என்று கேட்டார். "கிட்டத்தட்ட, மாமா" என்றான் ஒட்டகம். கிளம்பும் முன் சுவரிலிருந்த சார்ட் தாளை நான் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். உரித்த ஸ்டிக்கர்களை ஒட்டகம் ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, கல்மேசையின் நடுவில் வைத்தான். "அவங்க பொருள் அவங்களுக்கு" என்றான்.

சின்னப் பள்ளியின் வராந்தாவில் பெஞ்சுகளை இழுத்துப்போட்டு எல்லாவற்றையும் பரப்பினோம். நோட்டு ஒரு பக்கம், பை ஒரு பக்கம், பேனா, பென்சில், டப்பா ஒரு பக்கம். சார்ட் தாளைத் தூணில் ஒட்டினேன். வகுப்பு வகுப்பாக அனுப்புவதாகவும், வேண்டியதைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும் என்றும் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். முதலில் மூன்றாம் வகுப்பு வந்தது.

வந்தவர்கள் பெஞ்சுப் பக்கமே போகவில்லை. யாரும் சொல்லாமலே, எங்களுக்கு முன்னால், ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முன்னால் நின்றவன் இரண்டு கையையும் நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் நின்றவளும் நீட்டினாள். அப்படியே கடைசிவரை.  

"யாரு உங்களக் கைய நீட்டச் சொன்னது? மடக்குங்க" என்றான் ஒட்டகம். "இது கடை. கடைக்கு எப்படி வருவாங்க? திமிரா வாங்க பாப்போம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்னால் நின்றவன் தலையைத் தூக்கினான். "எவ்ளோ?" என்றான்.

"காசு வேண்டாம்."

"அப்ப இது கடையே இல்ல."

"ஏன் இல்ல? எழுதிப் பாத்து எடுக்கலாம். பிடிக்கலன்னா திருப்பி வைக்கலாம். நல்லா இல்லன்னா அந்த அக்காவத் திட்டலாம். வேற எந்தக் கடையிலயாவது உன்ன இதெல்லாம் பண்ண விட்டிருக்காங்களா?"

பையன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஒரு பையைத் தூக்கி, ஜிப்பை இழுத்து, மூடி, மறுபடி இழுத்தான். தோளில் மாட்டிப் பார்த்தான். கழற்றி வைத்துவிட்டு, "வேற கலர் இல்லையா?" என்றான். ஒட்டகம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அப்படியே சரிந்தான். அவ்வளவுதான். வரிசை உடைந்தது. வராந்தா முழுக்கச் சத்தம் பிடித்துக்கொண்டது. இது மெல்லிசா இருக்கு, எனக்குக் கோடு போட்டது வேணும், நீ விடு நான்தான் மொதல்ல பாத்தேன், இந்த ரப்பர் அழிக்குமா அப்பிக்குமா. தூணில் தொங்கிய தாளில் என் கோடுகளின்மேல் அவர்கள் கோடுகள் ஏறின. சுழி, பூ, மீசை, ஒட்டகத்தின் கழுத்து.

என் போன் பெஞ்சின்மேல் அதிர்ந்தது. திரையில் பள்ளி அலுவலகத்தின் எண். நோட்டுகளுக்கு நடுவே அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஓர் அளவுகோலில் இடித்து நின்றது. நான் எடுக்கவில்லை. அது ஓய்ந்து, மறுபடி ஆரம்பித்தது. அடுத்த வாரம் குழு கூடும். கையெழுத்து ஆகலாம், ஆகாமல் போகலாம். அம்மா இந்நேரம் யாருடைய சட்டையிலோ நீராவியை அழுத்திக்கொண்டிருப்பாள்.

"அக்கா."

குனிந்து பார்த்தேன். பின்னலில் ஒன்று அவிழ்ந்த சின்னப் பெண். இடது முன்கை முழுக்க வண்ண வண்ணக் கோடுகள், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை. தாளில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. காலுக்கு நடுவே நீலப் பை ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் நீட்டிய கையில் தடித்த கறுப்பு மார்க்கர் இருந்தது.

"இது எழுதல."

வாங்கி என் உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தேன். எழுதவில்லை. எல்லாவற்றையும் சோதித்த என் கண்ணில் இது எப்படித் தப்பியதோ. யாராவது மூடியைச் சரியாகப் போடாமல் விட்டிருக்கலாம்.

"எழுதாததெல்லாம் எதுக்கு வைக்கறீங்க?" என்றாள். முகத்தில் உண்மையான எரிச்சல். "வேற குடுங்க."

டப்பாவைக் கிளறி வேறொன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, இந்த முறை அவளுக்குத் தெரியும்படி என் விரல்மேல் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். கறுப்பாக, ஈரமாக இருந்தது. அவள் அதை நம்பாமல் தன் கையிலும் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, பையின் மூடியை விரித்து, யாரும் எட்டிப் பார்க்காதபடி தோளைக் குறுக்கிக்கொண்டு, நாக்கின் நுனியைக் கடித்தபடி எழுத ஆரம்பித்தாள். போன் மறுபடியும் அதிர்ந்தது. முதல் எழுத்து மூடியின் பாதி இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சின்னதாக்கவில்லை. அதே அளவில் அடுத்த எழுத்தைத் தொடங்கினாள்.